இரண்டு வெர்னியரும் எங்கள் பிஷப்பும்

ஓசூர் தொழிற்பேட்டையில் ஸ்காட்லாந்தை நினைத்துச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்துகிற ஒரே மனிதர் எங்கள் பிஷப்தான்.

பாகலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். சர்ச் படி ஏறியதே இல்லை. பிரேக் பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தார். ஆய்வுக் கட்டுரைக்கு, நானூறு வருடத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்து பிஷப் ஒருவர் மாட்டினார். அன்றிலிருந்து அவருக்கு பிஷப் என்றே பெயர், கேன்டீனில் எங்களுக்கு விடுதலை இல்லை.

"சாதாரண பாதிரியாரா இருந்தவருப்பா. ராஜா பக்கம் நின்னாரு, பிஷப் ஆக்கிட்டாங்க. அப்புறம் ராஜா, இனிமே புது ஜெபப் புத்தகத்ததான் படிக்கணும்னுட்டாரு. ஜனங்க கொதிச்சுட்டாங்க. இவரு என்ன பண்ணாரு தெரியுமா? குண்டு போட்ட ரெண்டு கைத்துப்பாக்கிய முன்னால வெச்சுக்கிட்டே படிச்சு முடிச்சாரு."

"அப்புறம்ணா?"

"அடுத்த வருசமே பதவி போச்சு. ஊரை விட்டே ஓடிட்டாரு."

சொல்லிவிட்டு, சொந்தச் சித்தப்பா ஓடிப்போனதுபோல ரசத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படியிருக்கும்போது நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை போட்டது. இனி டீ வண்டி லைனுக்கு வராது. கேன்டீனுக்கு நடந்துபோய்க் குடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டும். அதைச் சூப்பர்வைசர்தான் வாசிக்க வேண்டும். வாசித்தால் லைனில் ஒருவரும் அவர் முகத்தில் விழிக்க மாட்டார்கள். மறுத்தால் வேலை போய்விடும்.

காலை ஷிப்டில் பிஷப் வந்தார். அளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பர் இரண்டை மேசையில் இடமும் வலமுமாக வைத்தார். தமிழில் வாசித்தார், கன்னடத்தில் வாசித்தார், தெலுங்கிலும் வாசித்தார். லைன் மூன்று மொழியிலும் முணுமுணுத்தது.

"படிச்சாச்சு. இப்ப எழுத்துக்கு எழுத்து நடத்துவோம். ஒருத்தரும் ஓடக் கூடாது, சேஃப்டி ரூல். மஞ்சக் கோட்டுக்குள்ளயே நடங்க."

டீ நேரத்தில் நாற்பது பேரும் மஞ்சள் கோட்டுக்குள் ஒற்றை வரிசையாக, கல்யாண ஊர்வல வேகத்தில் அவர் பின்னால் நடந்தோம். போய்த் திரும்ப அரை மணி நேரம் ஆனது. அதுவரை லைன் சும்மா நின்றது.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். தீர்ந்தது கதை என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"என்னண்ணா, பதவி போச்சா?"

"இல்லப்பா. நாளையிலருந்து வண்டி வருதாம்."

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவர் நேரே லைனுக்குப் போய் இரண்டு வெர்னியரையும் பெட்டியில் எடுத்து வைத்தார்.

இன்றும் அதே லைனில்தான் இருக்கிறார், அதே கதையைத்தான் சொல்கிறார். எனக்கு மனப்பாடம். ஆனாலும் சரியான இடத்தில் "அப்புறம்ணா?" என்று கேட்டுவிடுவேன். ஓடிப்போகாத பிஷப் எங்களுக்குத்தானே வாய்த்தார்.