சம்பந்தி முகர்ந்து பார்த்த வாய்

தூத்துக்குடி
12-2-1949

மணப்பாடு மகா-ள-ஸ்ரீ ரோச் பர்னாந்து அவர்களுக்கு, கொழும்புக்குத் தோணி நடத்தும் தண்டல் வளன் தோத்திரம் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுவது. பனிமய மாதா காவலில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்கக் கேட்டுக்கொள்கிறேன். நான் சுகமாயில்லை. அதில் உங்களுக்கும் பங்குண்டு.

உங்கள் மகன் ஹென்றிக்கும் என் மகள் ஞானசௌந்தரிக்கும் நிச்சயம் வைத்த அன்று, நான் இலையைக் கையால் மறைத்தும் கேளாமல் ஆட்டுக்கொழுப்பையும் நெய்யையும் கொட்டினீர்கள். பந்தி முடிந்து வெற்றிலை போடுவதற்குள் வலது விலாவுக்குக் கீழே தூண்டில் மாட்டி இழுப்பதுபோல் வலி. சுருண்டு விழுந்து உங்கள் புதுப் பாயில் வாந்தியெடுத்தேன். மனிதன் என்றால் தண்ணீர் கொடுப்பான். நீர் குனிந்து என் வாயை முகர்ந்தீர், மஞ்சள் பூத்த கண்ணைப் பார்த்தீர், பிறகு சபைக்குச் சொன்னீர்: “ஏத்திட்டுல்லா வந்திருக்காரு. இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்.”

மதுவிலக்கு வந்ததிலிருந்து இந்தக் கரையில் எவன் தள்ளாடினாலும் குடி என்கிறார்கள். கொழும்புத் துறையில்கூட நான் சர்பத் குடிக்கிறவன் ஐயா.

டாக்டர் சொன்னதைக் கேளும். ஈரலில் ஊறும் பித்தநீரைச் சேர்த்து வைக்க அதன் அடியில் ஒரு பை இருக்கிறதாம். குடலுக்குக் கொழுப்பு வந்ததும் அந்தப் பை தன்னைத்தானே பிழிந்து, ஒரு சின்னக் குழாய் வழியாகப் பித்தத்தை ஊற்றுமாம். என் பையில் கல் விளைந்து, ஒரு கல் குழாயில் போய்க் குந்திக்கொண்டது. சில நாளாகவே பாதி அடைப்பு, அதனால்தான் கண்ணில் மஞ்சள். உமது நெய்க்கு என் பை ஒழுங்காகத்தான் பிழிந்தது, போக வழிதான் இல்லை. குடலுக்குச் சேராத பித்தம் ரத்தத்தில் ஏறுகிறது, வெளிக்குப் போவது சுண்ணாம்பு நிறத்தில் போகிறது. சந்தேகமிருந்தால் சபையோடு வந்து அதையும் முகர்ந்து பாரும்.

ஞானசௌந்தரி நிச்சயச் சேலையை மடித்து வைத்துவிட்டு எனக்குக் கஞ்சி ஆற்றுகிறாள். வலியைப் பொறுத்துவிடுவேன், இதைப் பொறுக்க முடியவில்லை. இன்றோடு உமக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நான் செத்தாலும் வாசலை மிதிக்க வேண்டாம்.

பெரியவர்களுக்குத் தோத்திரமும் சிறியவர்களுக்கு ஆசீரும். ஹென்றிக்கும் ஆசீர், அவன் பாவம், அப்பன் வாய்த்தது அப்படி.

இப்படிக்கு,
வளன்

பி.கு.: டாக்டர் இப்போதுதான் வந்துபோனார். வியாழக்கிழமை காலையில் வயிற்றைத் திறந்து கல்லை எடுக்கப் போகிறாராம். உறவில் ஒரு ஆண்பிள்ளை வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். எவ்வளவு யோசித்தும் எனக்கு வேறு ஆளில்லை. சம்பந்தி இருக்கிறார் என்று உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஹென்றியையும் கூட்டி வாருங்கள், மகள் தனியாக நிற்கக் கூடாது. மயக்கத்துக்கு ஈதர் கொடுப்பார்களாம். நான் கண் விழிக்கும்போது வாயில் வாடை அடிக்கும். அதை வைத்து மறுபடியும் ஏதும் சொல்லிவிடாதீர்கள்.