ஜல்லி கொட்டியவர் கவனத்துக்கு

அந்தத் தெருமுனையில் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போன புண்ணியவான் யாரோ, அவன்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. வீடு கட்டுகிறவனா, சாலை போடுகிறவனா, லாரியின் பின்கதவைச் சரியாக மூடத் தெரியாத சோம்பேறியா, கதவுக்கடைக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டார். அதே ஜல்லியின் மேல் நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்பார். நாலாவது வார்த்தையை அச்சில் போட முடியாது.

கதவுக்கடைக்காரர் புதுக்கதவு விற்கிறவர் இல்லை. இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய கதவு, ஜன்னல், நிலை எல்லாம் வாங்கிவந்து, இழைத்து, மெருகு போட்டு விற்கிறவர். ஐந்தாம் வகுப்போடு அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா, பள்ளிக்கூடம் அவரை விட்டதா என்ற பேரம் இன்னும் முடியவில்லை. யாரோ தெருவில் வீசிய ஒற்றைக் கதவை முதுகில் சுமந்துவந்து தொடங்கிய கடை அது. இன்று நானூறு கதவு சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அதில் ஒன்றைக்கூட அவர் சொன்ன விலைக்குக் கீழே எவனும் வாங்கிப் போனதில்லை. பேரத்தில் அவருக்கு ஒரே விதி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிராளிதான் உளறுவான்.

அவருடைய மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளர். வாயைத் திறக்கவே மாட்டேன் என்று வருகிறவர்களைப் பதினான்கு வருஷமாகத் திறக்கவைத்துச் சம்பளம் வாங்குகிறவள்.

இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

நாலு மாசத்துக்கு முன்னால் அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். நூற்றுத்தொண்ணூறு கிலோ. கறுப்பு. ஸ்டார்ட் செய்தால் கடையில் சாய்ந்திருக்கிற கதவுகளெல்லாம் தானே தட்டிக்கொள்ளும். வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் மனைவி வண்டியைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களைப் பார்த்தாள்.

"என்னங்க, கால் எட்டலையே."

"எட்டுது."

"கட்டைவிரல் எட்டுது. மிச்ச நாலு விரல் யோசிச்சிட்டிருக்கு."

"வண்டி ஓட்டக் காலா வேணும்? தில்லு வேணும்."

"அப்ப எனக்கும் கத்துக்கொடுங்க. தினம் ரெண்டு பஸ் மாறிப் போறேன். முதல் பஸ்ல நின்னுட்டுப் போறேன், ரெண்டாவது பஸ்ல தொங்கிட்டுப் போறேன்."

கோபம் வந்தால் கதவுக்கடைக்காரருக்குக் கண் தெரியாது. அன்றைக்கு விதியும் தெரியவில்லை. தெருவே கேட்கும்படி சொன்னார்: "இந்தா பார். இது மாவாட்டற மெஷின் இல்லை. இந்த வண்டியை யார் கீழே போடறாங்களோ, அவங்க ஆயுசுக்கும் பின்னாடிதான் உக்காரணும். கீழே போடாதவங்கதான் ஓட்டணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் அவள், சட்டென்று.

இவ்வளவு சீக்கிரம் ஒருவர் சம்மதித்தால் விலையில் ஏதோ தப்பு என்று தொழிலில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர், அன்று அதை யோசிக்கவில்லை.

நிற்க. திங்கட்கிழமை காலை. முடிதிருத்தும் கடை இருக்கிற முனை. அவர் வேகமாகப் போகவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். போகவே இல்லை. எதிரே தண்ணீர் வண்டி வந்தது, மரியாதைக்காக நின்றார். நின்று வலது காலை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் ஜல்லி. ஜல்லி ஒரு பக்கம் போயிற்று, செருப்பு ஒரு பக்கம் போயிற்று. வண்டி சாய்ந்தது. அவர் பிடித்தார். வண்டி இன்னும் சாய்ந்தது. அவர் இன்னும் பிடித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் மெதுவாகத் தரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாற்பதில் போய் விழுகிறவனுக்குக் கட்டு போடுவார்கள், பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். பூஜ்யத்தில் விழுகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். உலகம் அப்படி.

எழுந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். வண்டி அசையவில்லை. ஓங்கி ஓர் உதை விட்டார். கால்தான் வீங்கியது. கடைசியில் முடிதிருத்துகிறவர், அவரிடம் பாதி முகம் சவரம் முடிந்து நுரையோடு வந்தவர், தபால்காரர், தண்ணீர் வண்டிக்காரர் என்று நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

"விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார் தபால்காரர்.

"விழலை. நிறுத்தினேன்."

"படுக்கவச்சா?"

"என் வண்டி, என் இஷ்டம்."

வீட்டுக்குப் போகவில்லை, நேரே மெக்கானிக்கிடம் போனார். வலது பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. பிரேக் லிவர் நாய்வால் மாதிரி வளைந்திருந்தது. மாலைக்குள் எல்லாம் புதுசாக இருக்க வேண்டும், மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நொண்டிக்கொண்டே போனார். நொண்டலுக்குக் காரணம் வேண்டுமே, புதுச் செருப்பு கடிக்கிறது என்று மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்தார்.

மாலையில் வந்து பார்த்தார். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஏறி உட்கார்ந்து கிளம்பியிருக்கலாம். கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பழசை விட்டுவிட்டுப் போவது அவர் ஜாதகத்தில் இல்லை. குழாய் மாற்றினாலும் சரி, விசிறி மாற்றினாலும் சரி, மாற்றின பழைய பாகம் அவர் கைக்கு வந்தாக வேண்டும். நிஜமாகவே மாற்றினானா என்று பார்ப்பதற்கு ஒன்று, அதை விற்பதற்கு ஒன்று.

"பழசை எடு" என்றார்.

மெக்கானிக் ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே உடைந்த கண்ணாடி, வளைந்த பிரேக் லிவர். கூடவே இன்னொரு லிவர்.

"இது கிளட்ச் லிவராச்சே. இடது பக்கம். நான் இடது பக்கம் விழவே இல்லையே."

"அது போன வாரத்துதுண்ணே. அண்ணி வந்து மாத்திட்டுப் போனாங்க. பழசு வேணாம்னாங்க. நீங்க கேட்பீங்கன்னு தெரியும், நான்தான் எடுத்து வச்சேன்."

கதவுக்கடைக்காரர் அந்த லிவரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீங்கின கால் வலிக்கவில்லை. இருபது வருஷக் கல்யாணத்தில் இப்படி ஒரு சரக்கு அவர் கையில் சிக்கினதே இல்லை.

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியின் மேலேயே கிளட்ச் லிவரை வைத்தார். விதிப்படி வாயை மூடிக்கொண்டு நின்றார்.

அவள் லிவரைப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் துணியில் எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஆமா. நான்தான் கீழே போட்டேன்" என்றாள்.

அவருக்கு ஏமாற்றமாகப் போயிற்று. மறுப்பாள், அழுவாள், மெக்கானிக்கைத் திட்டுவாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வழியெல்லாம் தயார் செய்திருந்தார். அவ்வளவும் வீண்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நாலு மாசமா. செவ்வாய்க்கிழமை நீங்க லாரியில கதவு எடுக்கப் போறீங்க இல்லை, அப்பல்லாம். கூட வேலை பண்றவங்க கத்துக்கொடுத்தாங்க, வேலைக்கு அதுலதான் போவேன்."

"அப்ப பெட்ரோல் குறைஞ்சது?"

"நான்தான்."

"அளவுல ஏமாத்தறான்னு பங்க்காரன் சட்டையைப் பிடிச்சேனே."

"கேள்விப்பட்டேன். அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்."

கதவுக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலில் இரக்கம் வந்துவிட்டது. ஜெயித்தவனுக்கு மட்டும் வருகிற இரக்கம். "சரி, விடு. பேசினது என்ன? கீழே போட்டவங்க ஆயுசுக்கும் பின்னாடி."

"பின்னாடி உக்காந்துக்கறேன். பேச்சுன்னா பேச்சு" என்றாள் அவள். அடுத்த துணியை உதறினாள். "போட்டது நான்தான். ஆனா தூக்கினதும் நான்தான், தனியா. அதை மட்டும் மறந்துடாதீங்க."

"யாரு, நீயா?" அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கதை விடறதுக்கும் ஒரு அளவு இருக்கு. நூத்தித்தொண்ணூறு கிலோ. தனியா தூக்கினாளாம். அதுக்கு நாலு பேர் வேணும். நாலு பேரும் கால்ல நல்லா பிடிமானம் வச்சு, ஒருத்தன் ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி, அப்பதான் அசையவே அசையும்."

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். தலையை லேசாகச் சாய்த்தாள். பல் மருத்துவமனையில் நாற்காலியில் கிடப்பவர்களைப் பார்க்கிற பார்வை.

"நாலு பேர் வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டுவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கூடத்தில் கடிகாரம் ஓடியது. குழாய் சொட்டியது. கதவுக்கடைக்காரர் எவ்வளவோ தாக்குப்பிடித்தார்.

"ஜல்லி" என்றார்.

"ம்."

"எவனோ முனையில ஜல்லியைக் கொட்டி வச்சிருக்கான். நான் ஒண்ணும் பண்ணலை. நின்னேன். நிக்கறது குத்தமா? விழவே இல்லை, சாய்ஞ்சுது. எப்பேர்ப்பட்டவன் நின்னிருந்தாலும் சாய்ஞ்சிருக்கும்."

"கால் ரொம்ப வீங்கியிருக்கா?"

"வீங்கலை."

"காலையில புதுச் செருப்பு கடிக்குதுன்னு கடையிலேருந்து போன்ல சொன்னீங்க. இப்ப பழைய செருப்பைப் போட்டுட்டு நொண்டிட்டு வர்றீங்க."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சமாதானத்துக்கு வந்திருப்பார்கள். நீயும் போட்டாய், நானும் போட்டேன், ஆளுக்கு ஒரு நாள் என்று முடிந்திருக்கும். அவளே அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கதவுக்கடைக்காரர் தோற்ற பேரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் இல்லை. மேஜையைத் தட்டினார்.

"ரெண்டு பேரும் போட்டாச்சு, அது அதோட சரி. ஆனா தனியா தூக்கினேன்னு சொன்னே பார், அது புளுகு. வாசலுக்கு வா. தூக்கிக் காட்டு. தூக்கிட்டேன்னா சாவி உன்னோடது, நான் பின்னாடி. தூக்கலைன்னா செவ்வாய்க்கிழமைகூட நீ அதைத் தொடக் கூடாது."

"வேணாங்க. ஆளுக்கு ஒரு நாள் வச்சுக்கலாம்."

"பயமா?"

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காக ஒருத்தரும் எதுவும் சொல்ல வேண்டாம்."

வாசலில் பழைய மெத்தையைப் போட்டு, புது லிவர் வளையாதபடி, வண்டியை அவரே அதன் மேல் சாய்த்துப் படுக்கவைத்தார். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டம்மா சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். தெருவுக்கு வேறு வேலையே இல்லை.

அவள் கைப்பிடியை முழுக்கத் திருப்பி வைத்தாள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதன் சீட்டில் இடுப்பை ஒட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை. சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தாள். அவ்வளவுதான். சோம்பல் முறித்துக்கொண்டு எழுகிறவன் மாதிரி வண்டி எழுந்தது. சைடு ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரர் கைதட்டினார். ஒரே ஒரு முறைதான். கதவுக்கடைக்காரர் திரும்பிப் பார்த்ததும் கொசு அடித்தது போலக் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"யார் சொல்லிக்கொடுத்தா இதை?" என்று கேட்டார் கதவுக்கடைக்காரர்.

"நீங்கதான்."

"நானா?"

"தேக்குக் கதவு தூக்கறவங்களைப் பார்த்து இருபது வருஷமா கத்தறீங்களே. கையால இழுக்காதே, முதுகைக் கொடு, காலால நட, கதவு தானா வரும்னு. சாப்பாடு கொண்டுவரப்பல்லாம் கேட்டிருக்கேன். அன்னைக்கு வண்டி விழுந்ததும் அதுதான் ஞாபகம் வந்துது." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க எப்படித் தூக்கினீங்க?"

கைப்பிடியைப் பிடித்து இழுத்ததையும் உதைத்ததையும் அவர் சொல்ல மாட்டார். அந்த உரிமை அவருக்கு உண்டு.

சாவியைக் கொடுத்தார். தூக்கிப் போடவில்லை, கையில்தான் கொடுத்தார். தோற்றாலும் சொன்ன சொல்லை மாற்றினவர் என்று அவரை எவனும் சொல்ல முடியாது.

செவ்வாயிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு அவள் ஓட்டுகிறாள். அவர் பின்னால். வழியில் அவரைக் கடையில் இறக்கிவிட்டு அவள் வேலைக்குப் போகிறாள், மாலையில் வந்து ஏற்றிக்கொள்கிறாள். பின்னால் உட்கார்ந்தாலும் அவர் குனிந்து உட்காருவதில்லை. தலையை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு, வண்டியை வாங்கியவன் நான்தான் என்கிற தோரணையில்தான் உட்காருகிறார். அந்த முனையில் திரும்பும்போது மட்டும் கையைப் பிரித்து அவள் தோளைப் பிடித்துக்கொள்கிறார்.

அங்கேதான் விஷயமே. முடிதிருத்துகிறவர் கத்தரியோடு வாசலுக்கு வந்து நிற்கிறார். தபால்காரர் சைக்கிளை நிறுத்துகிறார். அவள் வேகத்தைக் குறைக்கிறாள், தேவைப்பட்டால் நிற்கிறாள், இரண்டு காலையும் ஊன்றுகிறாள், மறுபடி கிளம்பிப் போய்விடுகிறாள். வண்டி ஆடக்கூட இல்லை. எப்பேர்ப்பட்டவன் நின்றாலும் சாய்ந்துவிடும் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்த அதே ஜல்லி.

ஆகவே ஜல்லி கொட்டியவரே, நீர் யாராயிருந்தாலும் சரி. உம்மால் கால் வீங்கியதை அவர் மன்னித்தாயிற்று. கண்ணாடி உடைந்ததையும் விட்டாயிற்று. ஆனால் தினம் இரண்டு முறை அவருடைய மனைவி அதன் மேல் விழாமல் போகிறாளே, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்? மரியாதையாக நாளைக் காலை எட்டரைக்குள் வந்து அள்ளிக்கொண்டு போம்.