கோப்பிக்குக் கிடைத்த மரியாதை

நாயைப் பழக்குகிறவர்கள் தயவுசெய்து இங்கிலீஷிலேயே பழக்குங்கள். தமிழ் நம் உயிர்தான். ஆனால் அதில் உபசாரம் கொஞ்சம் அதிகம்.

எண்பதுகளில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நாய் வளர்ப்போர் சிலர் சேர்ந்து கீழ்ப்படிதல் தேர்வு நடத்தினார்கள். முதலில் வெண்கலம், பிறகு வெள்ளி, கடைசியில் தங்கம். ("வெள்ளியா? எத்தன வெள்ளி?" என்றார் அம்மா; எங்கள் ஊரில் பணத்துக்கும் வெள்ளி என்றுதான் பெயர்.) அம்மாவின் செருப்புகளைத் தின்றே வளர்ந்த எங்கள் நாய் கோப்பிக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. வெண்கலம் வாங்காவிட்டால் ஜுருவில் இருக்கும் சித்தப்பாவின் கார் பட்டறைக்கு அனுப்பிவிடுவது என்று அம்மா முடிவு கட்டியிருந்தார்.

எந்த மொழியிலும் கட்டளையிடலாம் என்றார்கள். எனக்கோ மொழிப்பற்று தலைக்கேறிய வயது. "உட்காரு", "இரு", "வா" என்று சுத்தத் தமிழில் பழக்கினேன்.

தேர்வு நாள். கூடவே நடப்பது பாஸ்! உட்காருவது பாஸ்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மிச்சம் ஒன்றுதான்: சொன்ன இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். "இரு" என்று சொல்லிவிட்டுத் திடலின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கோப்பி காதைக்கூட ஆட்டவில்லை. தேர்வாளரான சீனப் பெண்மணி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா சுங்கை பினாங்கிலிருந்து என் அத்தை வந்து சேர வேண்டும்? திடலைச் சுற்றிய கயிற்றுக்கு வெளியே அம்மாவோடு நின்றிருந்த அப்பா, தன் அக்காவைக் கண்ட சந்தோஷத்தில் திடலே அதிர, "வாங்க! வாங்க! வாங்க!" என்றார்.

கோப்பியை அதுவரை யாரும் அவ்வளவு மரியாதையாக அழைத்ததில்லை. பாய்ந்தது! மற்ற நாய்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை (அவை இங்கிலீஷ் மீடியம்). "இரு! இருடா!" என்று நான் பின்னால் ஓட, அது கயிற்றுக்கு அடியில் புகுந்து, அப்பா முன்னால் போய் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஐயோ, சோ கிளோஸ் லா!" என்று தேர்வாளர் தலையில் கைவைத்தார்.

"நான் அக்காவத்தானேடா கூப்பிட்டேன்!" என்றார் அப்பா.

நான் அழாத குறை. இனி ஜுருதான் என்று கோப்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா கோப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட வாங்க, சாப்பிட வாங்கன்னு தினமும் தொண்ட கிழிய கத்துறேன். அப்பனும் மகனும் பேப்பர விட்டு எந்திரிக்கிறதில்ல. இது ஒரு சத்தத்துக்கு வருது லா! இதையா ஜுருவுக்கு அனுப்புறது? நீங்க ரெண்டு பேரும் போங்க!"

என் பிள்ளைகள் கோப்பியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் சோறு ஆறும்போதெல்லாம் அம்மா, "பெயிலான நாயே வந்துச்சு, உங்களுக்கென்ன?" என்று குரல் கொடுப்பார். என் மகள் ஓடிவந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் பாஸா?" என்பாள்.