பொட்டு வைத்த ஆம்ப்

ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பவனைப் பார்த்தவர்கள் உண்டு; கேட்டவர்கள் கிடையாது. திருவண்ணாமலையிலும் சுற்று வட்டாரத்திலும் பதினோரு வருடம் மேடைகளில் கிட்டாரோடு நின்றவன் என்கிற முறையில் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. பாடகருக்குக் கைதட்டல் விழும். டிரம்ஸ்காரரைப் பார்த்துப் பிள்ளைகள் வெறுங்கையால் காற்றை அடிப்பார்கள். கீபோர்டு வாசிக்கும் ஜாஃபர் பாய்க்கு, குழுவின் தலைவர் என்பதால், சால்வையே விழும். என்னிடம் வந்து பேசியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பாடற பொண்ண மறைக்கிறீங்க."

பகலில் நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவு குமாஸ்தா. மாலையில் கலைஞன். (இரண்டு இடத்திலும் நான் இருப்பது யாருக்கும் தெரியாது.)

இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல்தான் இருந்தேன், என் மாமனார் வாயைத் திறக்கும்வரை. அவர் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். அவர்கள் ஊர்த் திருவிழாவில் எங்கள் கச்சேரி. முதல் வரிசையில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் இரண்டரை மணி நேரம் என்னையே பார்த்தார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, தோளில் கை போட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கைய ஆட்டறது நல்லா தெரியுது. சத்தம்தான் ஒண்ணும் கேக்கல. ஒயர எதுனா சொருக மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. என் ஒயர் மைக்செட் ஏழுமலையின் மிக்ஸரில்தான் சொருகியிருந்தது. ஆனால் ஏழுமலைக்கு ஒரு கொள்கை இருந்தது. "கிட்டார ஜாஸ்தி வெச்சா பாட்டு கெட்டுடும் சார்" என்பார். அதனால் எப்போதும் கம்மி. அவருடைய கம்மி என்பது பூஜ்யத்துக்கு அடுத்த கோடு.

அன்றைக்கே முடிவு செய்தேன். என் சத்தம் என் கையில் இருக்க வேண்டும். கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி, ஓர் ஆம்ப், எனக்கென்று வேண்டும்.

இது நடந்தது இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆன சமயம். டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் என்று ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சின்னப் பெட்டிதான், ஆனால் ஒரு திருகைத் திருப்பினால் பழைய காலத்துப் பெரிய பெரிய ஆம்ப்புகளின் சத்தத்தையெல்லாம் அதுவே போட்டுக் காட்டும். தேன் மாதிரியும் ஒழுகும், இடி மாதிரியும் இடிக்கும். எங்கள் ஊர்க் கடைகளில் அதெல்லாம் கிடையாது. ஆனால் ரமணாசிரமம் பகுதியில் கிடைத்தது.

செங்கம் சாலையில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தார் ஒரு ஜெர்மன்காரர். ஆறடிக்கு மேல் உயரம், மார்பு வரை தாடி. கையில் கிட்டாரோடு ஊருக்கு வந்தவர், மலையைப் பார்த்ததும் மனம் மாறி மௌனவிரதம் எடுத்துவிட்டார். பேசாதவருக்கு ஆம்ப் எதற்கு? யாருக்காவது கொடுத்துவிட நினைக்கிறார் என்று அந்த வீட்டுக்காரம்மா ஜாஃபர் பாயிடம் சொல்ல, பாய் என்னிடம் சொன்னார். போனேன்.

அவர் என் கிட்டாரைப் பார்த்தார். வாசலில் நின்ற என் சைக்கிளைப் பார்த்தார். பிறகு சைக்கிளை ஒரு விரலாலும் ஆம்ப்பை இன்னொரு விரலாலும் காட்டி, இரண்டு விரலையும் குறுக்காக மாற்றினார். வியாபாரம் அவ்வளவுதான். மலை சுற்ற அவருக்குச் சைக்கிள் வேண்டியிருந்தது.

பெட்டியோடு ஒரு தடிப் புத்தகமும் கொடுத்தார். முழுக்க ஜெர்மன். நான் விழித்ததைப் பார்த்து, அவரே ஒவ்வொரு திருகையும் சைகையில் விளக்கினார். கடைசியில், மேல்பக்கம் நடுவில் இருந்த ஒரு சிவப்புப் பொத்தானைத் தொட்டு, கொஞ்ச நேரம் அழுத்துவது போலக் காட்டி, ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்து என்னை உற்றுப் பார்த்தார்.

நான் புரிந்துகொண்டேன். தான் மௌனத்தில் இருப்பதை நினைவுபடுத்துகிறார், கிளம்பச் சொல்கிறார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஆம்ப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

வாசலில் நின்ற என் மனைவி மல்லிகா தலையில் இருந்ததைப் பார்க்கவில்லை.

"ஏங்க, சைக்கிள் எங்க?"

அடுத்த மாதம் முழுவதும் அலுவலகத்துக்கு நடந்தே போனேன். அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மாலையானால் ஆம்ப் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எந்தத் திருகைத் திருப்பினால் என்ன வரும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தேன். ஆறாவது சத்தம் எனக்கு உயிர்: மழை நின்ற பிறகு ஓட்டிலிருந்து சொட்டுவது போல இருக்கும். பதினாறாவது, கடைசி, பேய்ச் சத்தம். ஒரே தடவை போட்டேன். எதிர்வீட்டு நாய் இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. சிவப்புப் பொத்தானைத் தொடவே இல்லை. ஒரு மௌனியின் ஞாபகார்த்தம் என்று விட்டுவைத்தேன்.

முதல் மேடையும் தானாக வந்தது. மல்லிகாவின் தம்பி தனசேகருக்குக் கல்யாணம். கீழ்பென்னாத்தூரில் மண்டபம், காலையில் முகூர்த்தம், முந்தைய மாலை வரவேற்பு. வரவேற்பில் எங்கள் குழுவின் கச்சேரி. முதல் பாட்டே கிட்டாரில்தான் ஆரம்பம் என்று ஜாஃபர் பாயிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். மாமனார் அதே முதல் வரிசையில். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சந்தர்ப்பம் வேண்டும்?

மேடையில் கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்கும் ஆம்ப்பிலிருந்து ஏழுமலையின் மிக்ஸருக்கும் ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்தபோது தனசேகர் கோட்டு சூட்டோடு வந்து என் பக்கத்தில் குந்தினான். முகம் வெளிறியிருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? இந்தப் பொண்ணுக்கு என்னைப் புடிக்கலையோ?"

"ஏன்டா?"

"நிச்சயம் பண்ணதுல இருந்து ஒரு வார்த்த பேசல மாமா. மத்தியானம் வந்து எறங்குனாங்க, நான் சிரிச்சேன், அது தலைய குனிஞ்சிக்கிச்சு. எங்கம்மாவும் கேக்கறாங்க, இன்னாடா பொண்ணு இப்பிடி உம்முனு இருக்குதுன்னு. வீட்ல கட்டாயப்படுத்தி இட்டாந்திருந்தாங்கன்னா? காலைல நான் எப்பிடி மாமா தாலி கட்டுவேன்?"

நல்ல பையன். உண்மையிலேயே பயந்திருந்தான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "போய்ப் பேசுடா" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "கவலப்படாத. நான் வாசிக்கறத கேட்டா தானா சிரிக்கும்." (அந்த வயதில் எனக்கு இருந்த தன்னம்பிக்கையில் பாதி இப்போது இருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ இருப்பேன்.)

ஆம்ப்பைப் போட்டேன். ஒரு தட்டு தட்டினேன். ஆறாவது சத்தம் அழகாகச் சொட்டியது. அப்போதுதான் மல்லிகா வந்தாள், மண்டப வாசலில் வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தோடு.

"புதுப் பொருளுங்க. ஒரு பொட்டு வெச்சிட்டு வாசிங்க."

நியாயமாகப் பட்டது. எங்கே வைப்பது என்று பார்த்தேன். நெற்றி மாதிரி மேலே, நடுவில், வட்டமாக ஓர் இடம் இருந்தது. சந்தனத்தைக் கட்டை விரலில் எடுத்து, உதிராமல் இருக்கட்டும் என்று நன்றாக அழுத்தி, மனத்துக்குள் அண்ணாமலையாரைக் கும்பிட்டு முடிக்கும்வரை விரலை எடுக்காமல் வைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். ஆம்ப் லட்சணமாக இருந்தது.

ஜாஃபர் பாய் தலையசைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். கம்பி அதிர்கிறது. ஆம்ப்பில் விளக்கு எரிகிறது. அதன் சின்னத் திரையில், நான் வாசிக்க வாசிக்க இங்கிலீஷ் எழுத்துகள்கூட மாறி மாறி வருகின்றன. சத்தம் மட்டும் இல்லை. நான்கு நொடி பார்த்துவிட்டு, ஜாஃபர் பாய் நான் வாசிக்க வேண்டியதைக் கீபோர்டில் கிட்டார் சத்தம் வைத்து வாசித்துவிட்டார். என்னைவிட நன்றாகவே வாசித்தார் என்று மல்லிகா பிறகு சொன்னாள்.

முதல் வரிசையில் மாமனார் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார்.

அடுத்த நான்கு பாட்டுகளில் நான் செய்ததை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சத்தத் திருகைப் பாதிக்கு வைத்தேன். பிறகு முழுக்க வைத்தேன். ஏழுமலையைப் பார்த்து, ஏற்று ஏற்று என்று புருவத்தால் கெஞ்சினேன். மாப்பிள்ளை வீட்டு ஆள் என்பதால், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் கிட்டாரை முழுக்க ஏற்றினார். அப்போதும் இல்லை. ஒருவேளை ஆறாவது சத்தம்தான் கெட்டுப்போய்விட்டதோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஏழு, எட்டு, பத்து, பதிமூன்று... கடைசியில் பதினாறிலேயே விட்டுவிட்டேன். எதுவும் கேட்காதபோது எதில் இருந்தால் என்ன?

ஐந்தாவது பாட்டு முடிந்ததும் கச்சேரியை நிறுத்தச் சொன்னார்கள். பெண்ணின் தாய்மாமன் வாழ்த்துரை வழங்க வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கையில் நான்கு பக்கம். கூட்டம் அடங்கி உட்கார்ந்தது. மணப்பெண் கலைவாணி தலையைக் குனிந்தபடி நாற்காலியில். பக்கத்தில் வேர்த்து ஒழுகும் தனசேகர். இதுதான் நேரம் என்று நான் கிட்டாரைக் கழுத்திலிருந்து கழற்றாமலே ஆம்ப் முன்னால் மண்டியிட்டேன். இருக்கிற பொத்தான்களை எல்லாம் அழுத்தியாயிற்று. அப்போதுதான் கண்ணில் பட்டது, காய்ந்து வெடித்திருந்த சந்தனப் பொட்டு. அதன் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு, குங்குமம் அல்ல, பொத்தான்.

நகத்தால் சுரண்டினேன்.

"...இவர்தம் இல்லத்தில் என்றென்றும் அமைதி..." என்றார் தாய்மாமன்.

கூ...ய்ங்!

அதை எழுத்தில் எழுத முடியாது. பதினாறாவது சத்தம், முழு அளவில், ஏழுமலையின் முழு ஏற்றத்தில், மண்டபத்துக்குள் நான்கு பெட்டிகளிலும் வெளியே வேப்ப மரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய்களிலும் ஒரே நேரத்தில் வந்தது. தாய்மாமனின் நான்கு பக்கமும் பறந்தன. சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்து, "சிலிண்டரா?" என்று கத்தினார். நான் திருகைப் பிடிக்கப் பாய்ந்தேன். கிட்டார் ஆம்ப்பின் மேல் மோதி இடி இடித்தது. நான் நகர நகர அது ஊளையின் சுருதியை மாற்றிக்கொண்டது. என்ன செய்வது என்று தெரியாமல், அழுகிற குழந்தையை அணைப்பது போல அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அது இன்னும் ஓங்கி அழுதது.

ஏழுமலை ஓடி வந்து கையில் கிடைத்த பிளக்கைப் பிடுங்கினார். ஆம்ப் அடங்கியது. மேடை விளக்கெல்லாம் அணைந்தது. வீடியோக்காரரின் பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தது. அவர் அதை நேராக என் மேல் அடித்துக்கொண்டிருந்தார்.

இருட்டு மண்டபத்தின் நடுவே, வெளிச்சத்தில், பொட்டு வைத்த பெட்டியைக் கட்டிக்கொண்டு நான்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் அடக்கப் பார்த்து, மூக்கு வழியாகக் கொஞ்சம் வந்து, பிறகு மொத்தமாக உடைந்து வந்த சிரிப்பு. மணப்பெண் கலைவாணி. வளையல் குலுங்க, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த அமைதியில் அவள் தனசேகரிடம் சொன்ன முதல் வார்த்தைகள் மண்டபத்துக்கே கேட்டன.

"யாருங்க அது?"

"எ... எங்க அக்கா வூட்டுக்காரருங்க."

"ஐயோ, பாவங்க!"

மண்டபம் வெடித்தது. தாய்மாமனே சிரித்தார். விளக்கு திரும்ப வந்தபோது அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நிச்சயத்திலிருந்து வாய் திறக்காதவள் நிறுத்தாமல் பேசினாள். கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு நாக்கு எழாதாம். அவன் சிரித்தபோது திரும்பச் சிரிக்கக் கூச்சமாம். அதையே நினைத்து மத்தியானத்திலிருந்து அவளும் தவித்துக்கொண்டிருந்தாளாம். தனசேகர் அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

மாமனார் மெதுவாக மேடை ஏறி வந்தார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். குனிந்து, அதே பழைய ரகசியக் குரலில் சொன்னார்:

"மாப்ள, இப்ப கேட்டுச்சு."

அடுத்த ஞாயிறு செங்கம் சாலைக்குப் போய், ஜெர்மன்காரரிடம் சிவப்புப் பொத்தானைக் காட்டிக் கையை விரித்தேன். அவர் பொறுமையாகக் கிட்டாரின் முறுக்காணியைத் திருகுவது போலக் காட்டினார், பிறகு பழையபடி உதட்டில் விரல் வைத்தார். அதை அழுத்திப் பிடித்தால், சுருதி சேர்ப்பதற்காக ஆம்ப் வாயை மூடிக்கொள்ளும். அந்த எழுத்துகள் எந்தக் கம்பி எந்தச் சுருதியில் இருக்கிறது என்று காட்டினவை. இன்னொரு முறை தொட்டால் பேசும். மண்டபத்தில் நடந்ததை நான் நடித்துக் காட்டினேன். அவர் சத்தம் வராமல் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்காரும்வரை சிரித்தார். சைக்கிளை மட்டும் திருப்பித் தரவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஆம்ப்போடு ஆறு வருடம் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன் என்று நினைக்கிறேன். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. குழு கலைந்தது, ஜாஃபர் பாய் பேரன் பேத்திகளோடு ஆம்பூர் பக்கம் போய்விட்டார், நானும் மேடை ஏறுவதை விட்டுவிட்டேன்.

கச்சேரி மட்டும் நிற்கவில்லை. தனசேகரும் கலைவாணியும் இப்போது வேங்கிக்காலில் இருக்கிறார்கள். எல்லாக் குடும்பத்திலும் போலச் சண்டை வரும்; வந்தால் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இரண்டாம் நாள் தனசேகரிடமிருந்து போன் வரும்.

"மாமா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

மல்லிகா உள்ளேயிருந்து, "கிளம்புங்க, உங்களுக்குப் புரோகிராம் வந்திருக்குது" என்பாள்.

போன மாதமும் போனேன். வெறுங்கையோடுதான். கதவைத் திறந்த கலைவாணி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "வாங்கண்ணா" என்றாள். உதட்டைக் கடித்தாள். முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். கூடத்தில் நானும் தனசேகரும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது, என்னை நோக்கி அல்ல:

"ஏங்க, உங்களுக்கும் சேத்து டீ போடட்டா?"