பேசாலைக்கு ஒரு புதுச் சம்மாட்டி

இனிமேல் ஒருத்தனுக்குக் கீழயும் வேலை செய்யிறதில்லை! தொண்ணூற்றேழாம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோட யாகப்பராகிய நான் எடுத்த முடிவு இது. அருளப்புவின்ர நங்கூரத்தைத் தோளில சுமந்துகொண்டு பேசாலைக் கரையில நடக்கேக்க எடுத்தனான்.

அருளப்பு என்ர சிநேகிதன். பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கு. என்ர கலியாணத்தில மாப்பிள்ளைத் தோழன், என்ர மூத்தவளுக்கு ஞானத்தகப்பன். எல்லாம் சரி. ஆனா அவன்தான் என்ர சம்மாட்டியும். வள்ளம், வலை எல்லாம் அவன்ர. பதினொரு வருசமா அவனிட்டத்தான் தொழிலுக்குப் போறன்.

சிநேகிதன் முதலாளியா இருந்தால் சொர்க்கம் எண்டு நினைக்கிறியளோ? வந்து பாருங்கோ! வேற முதலாளி எண்டால் வீட்டை வந்து ஆசை தீரத் திட்டலாம். இவனைத் திட்டினால் என்ர மனுசி எடித் என்னைத் திட்டுவாள். "மச்சான், அந்த நங்கூரத்தை ஒருக்காத் தூக்கடா" எண்டுவான். மச்சான் எண்டு சொல்லிப்போட்டானே, மறுக்கவும் ஏலாது. பதினொரு வருசமா மச்சான் மச்சான் எண்டே என்ர இடுப்பை, இந்த நாரியை முறிச்சுப்போட்டான்.

அந்தக் கிழமைதான் அமிர்தநாயகம் அண்ணை கொழும்பில மகளிட்டப் போறதுக்கு வெளிக்கிட்டு, தன்ர வள்ளத்தை விக்கிறன் எண்டார். ரெண்டு பேர் போற பாய் வள்ளம், எஞ்சின் இல்லை. எஞ்சின் இல்லாதது எவ்வளவு நல்லது! மண்ணெண்ணெய்க் கூப்பனுக்கு வரிசையில நிக்கத் தேவையில்லை. வலைக்கும் பிரச்சினை இல்லை. எடித்தின்ர அப்பா சீதனமாத் தந்த வலை வீட்டுக் கூரை வளையில சும்மா தொங்குது. குறை ஒண்டே ஒண்டுதான். வள்ளம் வாங்கிறதுக்கான நாலு காப்பும் எடித்தின்ர கையில கிடந்துது.

"எடித், நான் சொந்தமாத் தொழில் தொடங்கப் போறன்."

"ஆற்ற காசில?"

பாத்தியளோ? தொடங்கமுன்னமே குறுக்கால நிக்கிறாள்.

"உன்ர காப்பு சும்மாதானே கிடக்கு."

"சும்மா கிடக்கேல்லை. கையில கிடக்கு. இஞ்சருங்கோ, போன மாதம் சண்டையெண்டு நேவிக்காரன் ஒம்பது நாள் கடலை மூடினவன். ஒம்பது நாளும் எங்களுக்கு அரிசி தந்தது ஆர்?"

"அருளப்பு."

"நீங்கள் சம்மாட்டி ஆனாப் பிறகு கடலை மூடினால் ஆர் தாறது?"

"நான்தான்!"

"எதை எடுத்து? ஆருக்கு?"

சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு முத்தத்துக்கு இறங்கிட்டன். ஆனா எனக்கு மூளை இருந்துது. எடித்துக்கு ரோசம் வாற இடம் ஒண்டே ஒண்டு. அது அவளின்ர கறிச்சட்டி. அவள் ஓரா மீனில குழம்பு வைச்சாளெண்டால் மூண்டு வீடு தள்ளி இருக்கிறவைக்கும் பசிக்கும். அது அவளுக்கும் தெரியும். அதிலதான் கை வைச்சன்.

அடுத்த நாள் மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டை போனன்.

"என்ன, ஒரு மாதிரி இருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. விடு."

"சொல்லுங்கோவன்."

"சொன்னால் உனக்குத்தான் கவலை. அருளப்பு நான் கொண்டுபோன சோத்தில ஒரு வாய் எடுத்துத் திண்டவன். திண்டுபோட்டு..."

"திண்டுபோட்டு?"

"புளி காணாதாம். பூனையும் திங்காதாம்."

எடித் அகப்பையைக் கீழ வைச்சாள். காப்பு நாலையும் ஒவ்வொண்டாக் கழட்டினாள். மாதாவே, என்ர வயிறு குளிர்ந்த குளிர்ச்சி! அருளப்பு பாவம்தான். ஆனா சிநேகிதனுக்காக ஒரு பழியைச் சுமக்காட்டி அவன் என்ன சிநேகிதன்?

"வாங்குங்கோ வள்ளத்தை," எண்டாள். "ஆனா வள்ளம் பதியிற கந்தோர் அலுவல், கடலுக்குப் போற நேவிப் பாஸ் எல்லாம் நான் பாக்கிறன். அதுக்காக நீங்கள் ஒரு நாள் தொழிலை விடாதேங்கோ."

எவ்வளவு நல்ல மனுசி! கந்தோரில நாள் முழுக்கக் கதிரையில குந்தியிருக்கிறது எனக்கு ஏலாத காரியம். எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்டினன்.

எங்கட கரையில ஒரு முறை இருக்கு. ஒரு சம்மாட்டியிட்ட நிக்கிற ஆளை இன்னொரு சம்மாட்டி எடுக்கிறதெண்டால், பழையவரின்ர வீட்டை போய், "இன்னாரைத் தாங்கோ" எண்டு கேக்கோணும். அவர் சம்மதிச்சால்தான் ஆள் மாறலாம். கேக்காமல் எடுத்தவனோட பிறகு கரையில ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்கமாட்டினம். எனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. நான் இன்னொருத்தனிட்டயோ போறன்? நானே சம்மாட்டி!

அருளப்புவுக்குச் சொல்ல நல்லதொரு பிரசங்கம் ஆயத்தப்படுத்தினன். சுதந்திரம், தன்மானம், என்ர நாரி எண்டு மூண்டு பகுதி. வாயைத் திறந்தன்.

"அருளப்பு, மனிசனாப் பிறந்தவன்..."

"தெரியும் மச்சான்," எண்டான். "நான் சம்மதிச்சிட்டன். சந்தோசமாப் போட்டு வா."

அவ்வளவுதான். சிரிக்கவும் சிரிச்சான். பிரசங்கம் முழுக்க வீணாப் போச்செண்ட கவலையில, ஆருக்குச் சம்மதிச்சவன் எண்டு நான் கேக்கேல்லை. அங்கதான் பிழைவிட்டனான்.

முதல் நாள் பக்கத்து வீட்டு யேசுதாசனைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டன். காவலரணில, எடித் அவனிட்டக் குடுத்துவிட்ட பாஸை யேசுதாசன்தான் நீட்டினான். நேவிக்காரன் பாஸைப் பாத்தான், என்னைப் பாத்தான், திரும்பப் பாஸைப் பாத்துச் சிரிச்சான். முதலாளி எண்டு மரியாதைக்குச் சிரிக்கிறானாக்கும் எண்டு நினைச்சு நானும் சிரிச்சன்.

கடல்மாதா கைவிடேல்லை. நல்ல மீன்பாடு! ஓராவும் ஒட்டியுமா வள்ளம் பாரம். நேவிக்காரங்கள் சொன்ன நேரத்துக்கு முன்னமே கரைக்கு வந்திட்டம். வந்து பாத்தால் எடித் நிக்கிறாள். குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். பேசாலைக் கரையில வெயிலுக்குக் குடை பிடிக்கிறது சம்மாட்டிமார் மட்டும்தான். எனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறாள் எண்டு கையை நீட்டினன். குடை வரேல்லை.

"மீனைப் பங்கு போடுங்கோ," எண்டாள்.

யேசுதாசன் மணலில நாலு குவியல் போட்டான். வள்ளத்துக்கு ஒண்டு, வலைக்கு ஒண்டு, போன ஆள் ரெண்டு பேருக்கும் ரெண்டு. ஆண்டாண்டு கால வழக்கம். நான் பெரிய மனிசத் தோரணையில ஒரு குவியலை அவனுக்குத் தள்ளிப்போட்டு, மற்ற மூண்டையும் கூடைக்குள்ள அள்ளக் குனிஞ்சன்.

"கொஞ்சம் நில்லுங்கோ. வள்ளம் ஆற்ற காப்பு?"

"உன்ர."

"வலை ஆற்ற சீதனம்?"

"உன்ர. அதுக்கு?"

"அதுக்கு அந்த ரெண்டு குவியலும் என்ர. இது உங்கட," எண்டு ஒரு குவியலைக் குடையால காட்டினாள். அது யேசுதாசன்ர குவியலிலும் பாக்கச் சின்னனாக் கிடந்துது.

"எடியே, நான் சம்மாட்டி!"

யேசுதாசன் மடியில இருந்த பாஸை எடுத்து என்னட்டத் தந்தான். படகு உரிமையாளர்: எடித் யாகப்பர். தொழிலாளர்: யாகப்பர், யேசுதாசன். காலமை நேவிக்காரன் சிரிச்சது இப்பதான் விளங்கிச்சு.

ரோசம் வந்திட்டுது! கூடையைப் போட்ட இடத்திலயே விட்டிட்டு, பக்கத்தில மீன் இறக்கிக்கொண்டு நிண்ட அருளப்புவிட்ட ஓடினன்.

"அருளப்பு! நீ ஆருக்கடா சம்மதம் குடுத்தனீ?"

"வேற ஆருக்கு? எடித்துக்குத்தான். போன ஞாயிறு வீட்டை வந்து, 'யாகப்பரைத் தாங்கோ அண்ணை' எண்டு முறைப்படி கேட்டவ. ஓராக் குழம்பும் ஒரு சட்டி கொண்டந்தவ. மூண்டு கோப்பை சோறு திண்டனான் மச்சான்! புளி காணுமோ எண்டு மூண்டு தரம் கேட்டவ. ஏனெண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

எனக்கு விளங்கிச்சு. பிரசங்கத்தில சுதந்திரத்தையும் தன்மானத்தையும் விட்டிட்டு, மிச்சம் இருந்த நாரியைப் பிடிச்சுக்கொண்டு கெஞ்சினன்.

"என்னைத் திருப்பி எடடா மச்சான். நங்கூரம் என்ன, வள்ளத்தையே தூக்கிறன்."

"எடுக்கலாம்," எண்டான் அருளப்பு. "ஆனா முறை எண்டு ஒண்டு இருக்கெல்லே? முதல் உன்ர சம்மாட்டியைக் கேக்கோணும்." சொல்லிப்போட்டு, தலையில கட்டியிருந்த துவாயை மரியாதையா அவிழ்த்துக் கையில எடுத்துக்கொண்டு என்ர மனுசிக்கு முன்னால போய் நிண்டான்.

"யாகப்பரைத் தாறியளோ?"

எடித் குடைக்குக் கீழ நிண்டு என்னைத் தலையில இருந்து கால்வரை ஒருக்காப் பாத்தாள்.

"இல்லை அருளப்பண்ணை, தரமாட்டன். வாய் கொஞ்சம் பொய் சொல்லுமே தவிர, வேலைக்கு நல்ல ஆள்."