ஜெராக்ஸ் பாய் முழுங்கிய நாலு வரி

"நடுக்கடல்ல லாஞ்சு மார்ற பொண்ண இப்பதாம்மா பாக்குறேன். அந்தாண்ட லாஞ்சுல ஏத்திக்கலன்னா இன்னா பண்ணுவ? நீஞ்சுவியா?"

படிப்பின் நடுவில் கல்லூரி மாறக் கிளம்பிய என்னைக் கேட்டவர் ஜெராக்ஸ் பாய். கேட்ட இடம், கல்மண்டபம் பஸ் ஸ்டாப் பக்கம் ஆறு பேர் வரிசையில் நின்ற அவருடைய கடை.

இந்தியாவில் எந்தத் தாளையும் படிக்காமல் நகலெடுக்கத் தெரியாத ஒரே மனிதர் அவர்தான். படிப்பதோடு விடமாட்டார், கருத்தும் சொல்வார். வக்கீல் நோட்டீஸ் கொண்டு வந்தவரிடம், "உம்மேல தப்பு கீது, சமாதானமா போய்டு" என்று தீர்ப்பு சொன்னவர். வயிற்றுவலி என்று லீவ் லெட்டர் கொண்டு வந்தவனை, "போன மாசமும் வவுத்து வலிதான? இந்த தபா தலைவலின்னு மாத்தி எய்து" என்று திருப்பி அனுப்பியவர்.

என் மார்க் ஷீட்டையும் விடவில்லை. "கணக்கு தொண்ணூத்தாறு! சூப்பரு. இங்கிலீஷு நாப்பத்தொண்ணு. இன்னாமே, ஜஸ்ட்டு பாஸா?" வரிசையில் நின்ற மீன்கார அக்கா எனக்காக உச்சுக்கொட்டினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருபவரிடம்கூடச் சொல்லிவிடுவேன். அவர் கேட்டிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. அப்படிப்பட்டவள் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் ஒரு வருடம் படித்துவிட்டு, மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டாம் ஆண்டுக்கு அங்கே மாறக் கிளம்பினேன். டி.சி., மைக்ரேஷன் சர்டிபிகேட், நோ டியூஸ், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திய பாடத்திட்டம் என்று தினமும் பாய் கடையில்தான் குடியிருப்பு. அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. சீட் கிடைத்ததும் திடீரென்று சொல்லி அசத்தலாம் என்று நினைப்பு. அவர் வேண்டாம் என்றால் எல்லாம் அதோடு முடிந்தது என்ற பயம் அதைவிடப் பெரிது.

விண்ணப்பத்தில் என் போட்டோவுக்குக் கீழே, 'மாறுவதற்கான காரணம்' என்று நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். என் நாற்பத்தொரு மார்க் ஆங்கிலத்தை மொத்தமாக அதில் இறக்கினேன். என் குடும்பத்தார் படிப்பறிவில்லாதவர்கள், வீடு முழுக்க மீன் நாற்றம், இந்தச் சூழலில் என்னைப் போன்ற திறமைசாலி வீணாகிறாள் என்பது அதன் சாரம்.

பாய் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் ஆங்கிலத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார் என்றே நம்பினேன்.

முதல் நகலில் கறுப்புக் கோடு விழுந்தது. கெட்டுப்போன தாளெல்லாம் அந்தக் கடையில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போகும், சாயந்திரம் பக்கத்து பஜ்ஜிக்கடைக்குப் போகும். இப்படித்தான் ஒரு மாப்பிள்ளையின் ஆதார் நகல் வாழைக்காய் பஜ்ஜியோடு பெண் வீட்டுக்குப் போய், ஒரே ராத்திரியில் அவருக்கு ஆறு வயது கூடியது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான்.

மறுநாள் சாயந்திரம் பாடத்திட்டத்தோடு கடையில் நிற்கிறேன். கடலிலிருந்து திரும்பிய அப்பா எண்ணெய்த் தாளோடு நேரே உள்ளே வந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. என் மூஞ்சி தெரியும்.

"பாய், இது எம்பொண்ணு போட்டோ. பஜ்ஜி துண்ணுகினே பாக்குறேன், இவ சிரிக்கிறா. இன்னா எழுதிகீது, படி."

ஒரு கமாவைக்கூட விடாமல் படிக்கிற மனிதர் பாய். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"'எங்க அப்பா லாஞ்சுல போய் என்னிய படிக்க வெச்சாரு. நான் இன்னும் பெர்ய படிப்பு படிக்கணும். உங்க காலேஜுல சீட்டு குடுங்க.' இவ்ளோதான் நைனா."

"நாலு வரி கீதே?"

"மீதி மரியாதைக்கு எய்தறது. இங்கிலீஷுல அப்டிதான், வளவளன்னு கீது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட சொன்னா வாணாம்னா சொல்லப்போறேன்? பஜ்ஜி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அவர் தாளைத் திரும்ப வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். "லாஞ்சுல டிரைவரு நல்லா இங்கிலீஷு படிப்பாரு. காட்டணும்."

பாய் எட்டிப் பிடுங்கிக்கொண்டார். "எண்ணெயா கீது, கலீஜு! பெருமையா காட்ற பேப்பரா இது? நீ போய் டீ குடி. நல்ல காப்பி எட்து தரேன்."

அப்பா போனதும் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "பழைய ஃபாரத்த இன்னும் அனுப்பலயே? புது ஃபாரம் வெச்சிகிறயா? உக்காரு. நான் பட்ச்சத எய்து. உங்கப்பன் வர்ற வரிக்கும் மெஷினு ரிப்பேரு."

எழுதினேன். அவசரத்தில் என் ஆங்கிலம் இன்னும் மோசமாக இருந்தது, ஆனால் அதில் பொய் இல்லை. பாய் ஒரு நகல் எடுத்தார், அசல் பல்கலைக்கழகத்துக்கு, நகல் அப்பாவின் சட்டைப் பைக்கு. பெற்றோர் ஒப்புதல் என்ற இடத்தில் அப்பா கட்டைவிரலை அழுத்திப் பதித்த வேகத்தில் தாளே கிழிந்திருக்கும்.

சீட் கிடைத்தது. போன வாரம் விடுதியில் சேர்ந்தேன். வீட்டில் யாரும் போனை எடுக்காவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். எண் மனப்பாடமாகத் தெரிந்தது, இத்தனை நாளில் பெயரைக் கேட்டதே இல்லை. 'ஜெராக்ஸ் பாய்' என்றே எழுதினேன். உறவுமுறை என்ற கட்டத்தில் 'மாமா' என்று போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.