ஐந்து மணிக்குத் துடைத்துவைத்த பக்கம்

என் மனைவிக்குத் தம்பியும், என் மகளுக்குத் தாய்மாமனும், இந்த வீட்டில் கிளம்புகிற வம்புக்கெல்லாம் தொலைவில் இருந்தபடியே விசிறிவிடுகிறவருமான அன்பு மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் ஆசியும் என் வணக்கமும். அங்கே எல்லாரும் சௌக்கியம் என்று போனில் சொல்லிவிட்டீர்கள், ஆகவே மறுபடி கேட்டு இடத்தை வீணாக்கவில்லை. இங்கே என் வலது முட்டியும் என் மானமும் தவிர மற்றதெல்லாம் நலம். முட்டிக்குத் தைலம் இருக்கிறது. மானத்துக்கு மருந்து உங்களிடம்தான் இருக்கிறது, ஏனென்றால் அது போனதே நீங்கள் வாங்கிக் கொடுத்த லேப்டாப் வழியாகத்தான்.

போன திங்கட்கிழமை மத்தியானம் என் பல்செட்டைக் காணோம். உங்கள் அக்கா வெளியே போயிருந்தாள். மகள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள், அங்கே போன் அடித்தால் பிள்ளைகளுக்கு முன்னால் அவளே அபராதம் கட்ட வேண்டும் என்று அவளே போட்ட சட்டம். சரி, லேப்டாப்பில் நாம் எழுதினால் அவளுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பக்கம் வைத்திருக்கிறாளே, அதில் கேட்போம் என்று, இரண்டு விரலால் தட்டித் தட்டி, "அம்மாடி, என் பல்செட்டை எங்கே வைத்தாய்? வாயைத் திறக்க முடியவில்லை" என்று எழுதினேன். அரை நிமிஷம் ஆகவில்லை, என் எழுத்துக்குக் கீழே எழுத்துகள் தாமாக ஊர ஆரம்பித்தன. "பாத்ரூம் ஜன்னல்ல பாருங்க." "தலகாணிக்கு அடியில?" "எங்க தாத்தாவோடது எப்பவும் சட்டைப் பையிலதான் இருக்கும்." நாற்பத்து மூன்று பிள்ளைகள், மைத்துனரே! ஆறாம் வகுப்பு முழுசும் அந்த நேரம் அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பல்செட் சட்டைப் பையில்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

இதில் இன்னொரு கூத்து. மகள் என்னை அந்தப் பக்கத்தில் "அப்பா" என்ற பெயரில் சேர்த்துவைத்திருந்தாள். காலையிலிருந்தே பிள்ளைகள், "மிஸ், அப்பான்னு ஒருத்தர் உள்ள இருக்காரு, யாரோட அப்பா?" என்று கேட்டபடி இருந்தார்களாம். தன் அப்பாதான் பார்க்கிறாரோ என்ற பயத்தில் ஒருத்தரும் ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதவில்லையாம். பல்செட்டைத் தேடிய பிறகுதான் நிம்மதியாகி எல்லாரும் என்னைத் தாத்தா ஆக்கிவிட்டார்கள்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அவள் பள்ளியில் தலைமையாசிரியை ஒரு நாள் நூலகத்துக்கு வந்தபோது ஏழு பேர் மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்களாம், எட்டாவதாக ஒருவன் புத்தகத்தைத் தலைக்கு வைத்திருந்தானாம். "இதுக்கு வாரத்துல ஒரு மணி நேரம் எதுக்கு? கணக்குக்குக் குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். நூலக மணி போனால் அடுத்து நூலக அறை போகும், அறை போனால் இவள் எங்கே போவாள்? அழுதுகொண்டே உங்களுக்குப் போன் செய்தாள். நீங்கள் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாம். "இன்டர்நெட்ல எல்லாரும் ஒண்ணா சேர்ந்து எழுதுற வசதி நிறைய இருக்கும்மா, ஒவ்வொண்ணா பாரு" என்றீர்கள். அவளும் பார்த்தாள். வீட்டிலே பார்த்தாள். எங்களை வைத்துப் பார்த்தாள்.

முதலில் ஒரு சுவர் வந்தது. அதில் யார் வேண்டுமானாலும் மஞ்சள் சீட்டு ஒட்டலாம். "அம்மா சமையலறையிலேருந்து போன்ல ஒட்டுங்க, அப்பா கூடத்துலேருந்து லேப்டாப்ல ஒட்டுங்க, எத்தனை நொடியில வருதுன்னு பார்க்கணும்" என்று அவள் நடுவில் நின்றாள். உங்கள் அக்கா ஒட்டிய முதல் சீட்டு, "குழாய் ஒழுகுது." இரண்டாவது, "மூணு மாசமா ஒழுகுது." மூன்றாவதை நான் எழுதமாட்டேன், உங்கள் குடும்பத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கிறேன். நான் பதிலுக்கு ஒரு சீட்டு ஒட்டப்போய் அது அவள் சீட்டின் மேலேயே விழுந்து மறைத்துவிட்டது. "பாத்தியா, இதுலகூட என் பேச்சை அமுக்குறாரு" என்று சமையலறையிலிருந்து சத்தம். அந்தச் சுவர் நிராகரிக்கப்பட்டது. பிறகு எல்லாரும் சேர்ந்து படம் போடுகிற பலகை ஒன்று வந்தது, நான் போட்ட யானையை எல்லாரும் குழாய் என்றார்கள், அதுவும் போயிற்று. கடைசியில் இந்த எழுதுகிற பக்கம். வெறும் வெள்ளைப் பக்கம்தான். யார் உள்ளே வந்தாலும் அவருக்கு ஒரு கலரில் ஒரு சின்னக் குச்சி நின்று துடிக்கும், எழுதினால் அந்தக் குச்சி நடக்கும். பிள்ளைகள் எல்லாரும் ஒரே கதையைப் படித்துவிட்டு, அந்த ஒரு வாரம் மட்டும் தினமும் நினைத்ததை இதில் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வந்து பார்ப்பார், நன்றாக இருந்தால் நூலக மணி நிலைக்கும், இல்லாவிட்டால் கணக்கு. வீட்டுப் பரிசோதனைக்குச் சேர்த்த என் பெயரை நீக்க மறந்துவிட்டாள், பல்செட் கூத்துக்குப் பிறகும் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதே என்று விட்டுவைத்தாள். அங்கேதான் சனி புகுந்தது.

பிள்ளைகள் எழுதியதை நான் தினமும் படித்தேன், மறைப்பானேன். நாய் ஒன்று வீட்டை விட்டு ஓடிப்போய்த் திரும்பி வருகிற கதை போலிருக்கிறது. "அது ஏன் திரும்பி வந்துச்சு? நானா இருந்தா வந்திருக்கவே மாட்டேன்" என்று ஒருத்தி. "உனக்கு ஹோம்ஒர்க் இருக்கு, நாய்க்கு என்ன இருக்கு?" என்று ஒருவன். படிக்கப் படிக்க உங்கள் அக்கா வந்து, "என்ன தனியா உக்காந்து சிரிக்கிறீங்க?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

நான் டப்பா மூடி செய்கிற ஆலையில் முப்பத்தொரு வருஷம் ஷிப்ட் மேஸ்திரியாக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கரும்பலகை. எந்த மெஷின் நின்றது, எந்த அளவு மூடி ஓடுகிறது எல்லாம் அதில். ஷிப்ட் முடிந்து போகிறவன் வருகிறவனிடம் வாயால் சொல்லிவிட்டு, பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு முறை ஒருவன் துடைக்காமல் போய், அடுத்த ஷிப்ட் பழைய அளவைப் பார்த்து ஓட்டி, பன்னிரண்டாயிரம் மூடி, உலகத்தில் எந்த டப்பாவுக்கும் பொருந்தாத மூடி! அதிலிருந்து எழுதியிருக்கிற பலகையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஆகவே சாயங்காலம் ஐந்து மணி ஆனதும், பிள்ளைகள் எழுதிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே, நாளைக்கு வருகிறவர்களுக்கு இடம் வேண்டாமா என்று, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்து அழித்துவைத்தேன். திங்கள், செவ்வாய், புதன். பொறுப்பாக.

அங்கே பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை பக்கம் வெறுமை. பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எழுதினார்கள். புதன்கிழமையும் வெறுமை. கணினி வாத்தியார் வந்து பார்த்து, "வைரஸ்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த வகுப்பில் ஒல்லியாக, கூர்மையாக ஒரு பெண் இருக்கிறாள், எல்லாரும் அவளைக் குண்டூசி என்பார்களாம். போன வருஷம் ஆய்வகக் கடிகாரத்தை அரை மணி முன்னால் திருப்பிவைத்து வகுப்பைச் சீக்கிரம் விட வைத்தவள். பழி யார்மேல் விழும்? தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு விசாரித்து, மறுநாள் அம்மாவை அழைத்துவரச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை ஆறு மணிக்கு மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். "அந்தப் பொண்ணு இல்ல இல்லன்னு அழுறாப்பா. ஆனா வேற யாரு? நாளன்னிக்கு மேடத்துக்கு எதைக் காட்டுவேன்?" நான் உச்சுக்கொட்டி, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பே இல்லம்மா. எழுதினா எழுதினபடி போட்டுட்டுப் போயிடுதுங்க. நான்தான் தினமும் அஞ்சு மணிக்குத் துடைச்சு வைக்கிறேன்" என்றேன்.

மைத்துனரே, வீட்டில் அந்தக் குழாய் ஒழுகுகிற சத்தம் எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டது.

உங்கள் அக்கா, "என்னது?" என்றாள். மகள் செருப்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை நானே இஸ்திரி போட்ட சட்டையோடு அவள் பின்னால் போனேன். தலைமையாசிரியை அறையில் குண்டூசியும் அவள் அம்மாவும் நிற்கிறார்கள். அம்மா தையல்காரி போல, கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது, பாதி வேலையில் ஓடிவந்திருக்கிறாள். நான் கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், அழிச்சது நான். இந்தப் பொண்ணு இல்ல" என்று ஆரம்பித்து, ஆலை, கரும்பலகை, பன்னிரண்டாயிரம் மூடி எல்லாம் சொன்னேன். தலைமையாசிரியை என்னையும் என் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிங்க. மூணு நாள் எழுதினது போனது போனதுதானே?" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "போகலை மிஸ், உள்ளயே இருக்கும்" என்று சொல்லி, மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரில் மூலையில் இருக்கிற ஒரு கடிகாரப் படத்தைத் தட்டினாள். அவ்வளவும் வந்து நின்றது! நாள், நேரம், யார் எழுதினது, யார் அழித்தது, எல்லாம். "திங்கக்கிழமை, அப்பா, அஞ்சு ரெண்டு. செவ்வாக்கிழமை, அப்பா, அஞ்சு ரெண்டு. புதன்கிழமை, அப்பா, அஞ்சு ரெண்டு. தாத்தா செம பங்க்சுவல் மேடம்!" என்றாள். அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "இது உனக்குத் தெரிஞ்சா நேத்தே சொல்றதுக்கென்ன?" என்று என் மகள் கேட்டதற்கு, "யாரு மிஸ் என்னைப் பேச விட்டீங்க?" என்று கேட்டாளே ஒரு கேள்வி. என் மகள் அங்கேயே அவளிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

தலைமையாசிரியை உட்கார்ந்து நாய்க் கதையை முழுக்கப் படித்தார். ஒரு இடத்தில் சிரித்தார்கூட. "வருஷக் கடைசி வரைக்கும் நூலக மணி இருக்கட்டும். ஆனா ஒண்ணு" என்று என்னைப் பார்த்தார். அறையை விட்டு வெளியே வந்ததும் மகள், "பேரை எடுத்துடட்டுமாப்பா?" என்றாள். "எடுத்துடும்மா, தொல்லை விட்டுது" என்றேன்.

ஆகையால் சொல்கிறேன், எனக்கு இந்த வயசில் இந்தக் கலர் குச்சி விவகாரமெல்லாம் ஒத்துவராது. பார்க்கிற எல்லாருக்கும் நான் அஞ்சு ரெண்டு தாத்தா ஆகிவிட்டேன். அடுத்த ஞாயிறு நீங்களே நேரில் வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அப்படியே உங்கள் மருமகளிடம் புத்தகத்தை அலமாரியில் அடுக்கினோமா, எடுத்துக் கொடுத்தோமா என்று இருக்கச் சொல்லுங்கள். வரும்போது குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கி வந்தால் உங்கள் அக்கா முன்னால் நான் கொஞ்சம் நிமிர்வேன். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு அன்பும் சொல்லவும். யாருக்கும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு படுகிறவன்

பின்குறிப்பு: ஞாயிறு வர வேண்டாம். வந்தாலும் லேப்டாப்பைத் தொட வேண்டாம். தாத்தாவைத் திரும்பச் சேர்க்கவும் என்று ஆறாம் வகுப்பு அந்தப் பக்கத்திலேயே நாற்பத்து மூன்று பேர் வரிசையாக எழுதி, நேற்று மகள் என்னை மறுபடி சேர்த்துவிட்டாள். இந்தத் தடவை நான் படிக்கலாம், ஓரத்தில் பதில் எழுதலாம், எதையும் அழிக்க முடியாதாம். அதுதான் தொந்தரவு. மேலே கரும்பலகை பற்றி எழுதியது செவ்வாய்க்கும் புதனுக்கும் சரி. திங்கட்கிழமை அழித்தது பழக்கத்தினால் இல்லை. அன்றைக்குப் பல்செட் பேச்சு ஓய்ந்து, ஐந்து மணிக்குச் சற்று முன்னால் குண்டூசி, "தாத்தா, லைப்ரரி மிஸ்ஸோட அப்பா நீங்க, நிறையப் படிச்சிருப்பீங்க, உங்களுக்குப் பிடிச்ச புத்தகம் எது?" என்று கேட்டிருந்தாள். மகள் கண்ணில் படுவதற்குள் அதை அழிக்கத்தான் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தேன். தலைமையாசிரியை அறையில் அந்த வரி வந்தபோது அந்தப் பெண் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சட்டென்று அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள். நேற்று மறுபடி கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் மகள் கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் "படிச்சேம்மா, நல்லா இருந்துச்சு" என்றே சொல்லி வந்திருக்கிறேன். நான் ஒரு புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை.